டாஹோ ஏரியை ஒரே நாளில் காரில் சுற்றிவர: முதல்முறை போகிறவர்களுக்கு

கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்த முதல் வருடத்திலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார், "டாஹோ ஒரு தடவை போய்ட்டு வந்துடுங்க" என்று. போகிறவர்கள் பலர் தெற்குக் கரையில் அறை எடுத்து, பக்கத்தில் இருக்கும் மணல்கரையில் கால் நனைத்து, கேபிள் காரில் ஏறி இறங்கித் திரும்பிவிடுகிறார்கள். அது அந்த ஏரியின் ஒரு மூலைதான். ஏரியைச் சுற்றி முழு வட்டமாகச் சாலை இருக்கிறது. காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் சுற்றி முடித்துவிடலாம். மேற்குக் கரையில் இருண்ட பைன் காடு, வடக்கில் சின்னச் சின்ன ஊர்கள், கிழக்கில் வெயிலில் வெளுத்த பாறைகளும் பச்சை நீரும். ஒரே ஏரிதானா என்று தோன்றும். இதைச் சுற்றித்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் திட்டமில்லாமல் போனால் பார்க்கிங் தேடியே பொழுது போய்விடும். அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

பாதையை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

ஏரி தெற்கு வடக்காக 22 மைல் நீளம், 12 மைல் அகலம். சுற்றுப்பாதை மொத்தம் 72 மைல், அதாவது சுமார் 116 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் ஓட்டினால் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். மைல் கணக்கைப் பார்த்து "அவ்வளவுதானா?" என்று நினைக்க வேண்டாம். வழியெல்லாம் வளைவு, பல இடங்களில் மணிக்கு 25 மைல் வேகம், தென்மேற்கு மூலையில் எமரால்டு பே என்ற குடா அருகே அதைவிடவும் குறைவு. நின்று பார்த்து, சாப்பிட்டு, கொஞ்சம் நடந்து வர பத்து மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

மூன்று நெடுஞ்சாலைகள் சேர்ந்துதான் இந்த வட்டம். மேற்குக் கரையில் கலிஃபோர்னியா 89. வடக்கிலும் வடகிழக்கிலும் 28. தென்கிழக்கில் யு.எஸ். 50. சாலை மாறும் இடங்களும் மூன்றுதான். சவுத் லேக் டாஹோ ஊருக்குள் எல்லோரும் "ஒய்" என்று சொல்லும் சந்திப்பில் 50-உம் 89-உம் பிரிகின்றன. டாஹோ சிட்டியில் 89 ட்ரக்கி ஊர்ப் பக்கம் போய்விடும், அங்கே நீங்கள் 28-ஐப் பிடிக்க வேண்டும். நெவாடா பக்கம் ஸ்பூனர் சந்திப்பில் 28 முடிந்து 50-இல் சேரும், அங்கே வலப்பக்கம் திரும்பினால் மறுபடி தெற்குக் கரைக்கே வந்துவிடுவீர்கள். இந்த மூன்று பெயரும் நினைவில் இருந்தால் வரைபடம் இல்லாமலே சுற்றிவிடலாம். ஏரியின் மூன்றில் இரண்டு பங்கு கலிஃபோர்னியாவில், ஒரு பங்கு நெவாடாவில். பூங்காக் கட்டணம், முன்பதிவு விதிகள் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால் இதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் யோசிக்காமல் விட்டுவிடுவது இதைத்தான், ஆனால் அந்த நாள் எப்படி அமையும் என்பதையே இது தீர்மானிக்கிறது. என் பதில்: தெற்கில் தொடங்கி, கடிகார முள் சுற்றும் திசையில் போங்கள். கோயில் பிராகாரத்தை வலம் வருவது மாதிரி ஏரி எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கமே இருக்கும். அமெரிக்காவில் வண்டி ஓடுவதும் சாலையின் வலப்பக்கம் என்பதால், ஏரியோரத்தில் இருக்கும் நிறுத்தங்களுக்குள் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் சட்டென்று நுழைந்துவிடலாம். வெளியே வருவதும் சுலபம்.

அதைவிடப் பெரிய காரணம் வெளிச்சம். எமரால்டு பே கிழக்கு நோக்கித் திறந்திருக்கிறது. காலை வெயில் நேராக அதன் மேல் விழும்போது தண்ணீரின் நிறம் அப்படியே எழுந்து நிற்கும். மதியத்துக்குப் பிறகு சூரியன் மலைக்குப் பின்னால் சாயச் சாய அந்த நிறம் மங்கிவிடும். கிழக்குக் கரை நேர்மாறு. மாலையில் மேற்கு வெயில் அந்தப் பாறைகள் மேல் படும், சூரியன் ஏரிக்கு அப்பால் மலைகளுக்குப் பின்னால் இறங்குவதை அங்கிருந்துதான் பார்க்க முடியும். காலையில் மேற்கு, மாலையில் கிழக்கு. மற்ற எல்லாவற்றையும் இதற்கேற்ப வளைத்துக்கொள்ளலாம்.

விதிவிலக்குகள் உண்டு. கூட வருகிறவர்களில் யாருக்காவது பள்ளத்தைப் பார்த்தால் பயம் என்றால் எதிர்த்திசையே நல்லது, ஏனென்றால் எமரால்டு பே பகுதியில் வலமாகப் போகும் கார் பள்ளத்தின் விளிம்பை ஒட்டியும் எதிரே வரும் கார் மலையை ஒட்டியும் போகும். கயாக் ஓட்டுவதுதான் முக்கிய நோக்கம் என்றாலும் மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் ஏரி கண்ணாடியாகக் கிடக்கும், பிற்பகலில் தென்மேற்குக் காற்று எழுந்து கிழக்குக் கரையில் அலை தட்டும். அப்படிப்பட்டவர்கள் கிழக்குக் கரையிலுள்ள சாண்ட் ஹார்பர் பூங்காவில் தொடங்குவதே சரி.

நீங்கள் எந்த வழியாக வருகிறீர்கள் என்பதும் முக்கியம். சாக்ரமெண்டோவிலிருந்து யு.எஸ். 50 வழியாக வந்தால் 7,382 அடி உயர எக்கோ கணவாயைத் தாண்டி நேராக "ஒய்" சந்திப்பில் இறங்குவீர்கள், மேலே சொன்ன திட்டம் அப்படியே பொருந்தும். இன்டர்ஸ்டேட் 80-ஐப் பிடித்து ட்ரக்கி வழியாக வந்தால் டாஹோ சிட்டியில் வந்து சேர்வீர்கள். அப்போது அங்கிருந்து தெற்கே திரும்பி எமரால்டு பேயை முதலில் முடித்துவிட்டு, இடஞ்சுழியாகவே சுற்றுங்கள். ஏரி இடப்பக்கம் வரும்தான், ஆனாலும் வெளிச்சம் கைகொடுக்கும். ரீனோவிலிருந்து மவுண்ட் ரோஸ் சாலை வழியாக இன்க்ளைன் வில்லேஜுக்கு வருகிறவர்களும் அதே போல முதலில் மேற்கே திரும்ப வேண்டும்.

எப்போது போகலாம்?

செப்டம்பர். ஒரே ஒரு மாதம் சொல்லச் சொன்னால் இதுதான். பள்ளி திறந்துவிட்டதால் கூட்டம் குறைந்திருக்கும், தண்ணீரில் கோடையின் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். ஜூன் பாதியில் போனால் அருவிகளில் நீர் நிறைய இருக்கும், மலையுச்சிகளில் பனியும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் வாரக்கடைசிகளை முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். வேறு வழியில்லை என்றால் செவ்வாய், புதன் பாருங்கள்.

கோடை இறுதியில் காட்டுத்தீப் புகை வந்து ஏரியை மறைத்துவிடுவதும் உண்டு. 2021-இல் கால்டோர் தீ பரவியபோது சவுத் லேக் டாஹோ ஊரையே காலிசெய்ய வேண்டியிருந்தது. ஆகவே ஆகஸ்ட், செப்டம்பரில் கிளம்பும் முந்தைய நாள் காற்றுத் தரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். புகை அடர்த்தியாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதில் எந்த நஷ்டமும் இல்லை.

பனிக்காலம் தனிக் கதை. எமரால்டு பே பகுதியில் பனிச்சரிவு அபாயம் இருப்பதால் 89-ஐ அங்கே மூடிவிடுவார்கள், சில சமயம் நாள்கணக்கில். அப்போது முழு வட்டம் என்பதே கிடையாது. மலைப்பாதைகளில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டச் சொல்லும் கட்டுப்பாடும் வரும். மலையில் பனியில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் முதல் பயணத்தை டிசம்பரிலிருந்து மார்ச் வரை வைக்க வேண்டாம். மற்ற மாதங்களிலும் கலிஃபோர்னியா போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸின் குவிக்மேப் இணையப் பக்கத்தில் சாலை திறந்திருக்கிறதா, எங்காவது பராமரிப்பு வேலை நடக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

முந்தைய நாளே செய்து வைக்க வேண்டியவை

மேற்குக் கரையில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. அந்தப் பகுதியின் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டாங்க்கை நிரப்பிவிட்டே தொடங்குங்கள். மின்சாரக் கார் என்றால் மலையேற்றத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதைக் கணக்கில் வைத்து, தெற்குக் கரையிலேயே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

நெவாடா பக்கத்திலுள்ள சாண்ட் ஹார்பர் பூங்காவுக்கு, கூட்டம் அதிகமுள்ள மாதங்களில் காலை நேர நுழைவுக்கு முன்பதிவு கேட்கிறார்கள். தேதிகளும் நேரமும் மாறக்கூடியவை, எனவே நெவாடா மாநிலப் பூங்காக்களின் தளத்தில் அந்த வாரத்து விதியைப் பாருங்கள். இந்தத் திட்டப்படி நாம் அங்கே மாலையில்தான் போகிறோம், ஆனாலும் பார்த்து வைப்பது பாதுகாப்பு.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதையே நான் சொல்வேன். புளியோதரை, தயிர் சாதம், கொஞ்சம் சிப்ஸ். வழியில் மேசையும் மர நிழலும் ஏராளம், உணவகத்தில் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தை ஏரிக்கரையில் கழிக்கலாம். ஆனால் கரடி விஷயத்தில் கவனம் வேண்டும். இங்கே கருங்கரடிகள் நிறைய, மோப்பமும் அசாத்தியம். காரைப் பூட்டிவிட்டு நடக்கப் போகும்போது டிபன் பாக்ஸை இருக்கையில் விட்டுவிட்டுப் போனால் கதவைப் பிய்த்து எடுத்துவிடும். பூங்காக்களில் இரும்பாலான உணவுப் பெட்டிகள் வைத்திருப்பார்கள், அதில் வைத்துப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கையோடு எடுத்துப் போங்கள். காலியான பாத்திரத்துக்கும் இதே விதிதான், வாசனை போதும் அதற்கு.

ஏரியின் மட்டமே 6,225 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே வெயில் தோலைச் சீக்கிரம் சுட்டுவிடும், தாகம் தெரியாமலே உடம்பில் நீர் குறையும். சன்ஸ்கிரீன், தொப்பி, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். கோடையிலும் காலை, மாலை குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம்.

காலை: எமரால்டு பே

"ஒய்" சந்திப்பில் காலை ஏழு மணிக்கெல்லாம் இருக்கப் பாருங்கள். ஒன்பது மணிக்கு வந்தால் போதாதா என்று கேட்பார்கள். கோடை வாரக்கடைசியில் போதாது. எமரால்டு பேயைச் சுற்றியுள்ள நிறுத்தங்கள் மிகச் சிறியவை, ஒன்பதுக்குள் நிறைந்துவிடும். அப்புறம் ஓரமாக வண்டியைச் சொருகி அபராதச் சீட்டு வாங்குவதுதான் மிச்சம்.

89-இல் சில மைல் போனதும் வலப்பக்கம் டெய்லர் கிரீக் பார்வையாளர் மையம் வரும். அக்டோபரில் போகிறவர்கள் மட்டும் இங்கே தவறாமல் நில்லுங்கள். ஏரியிலிருந்து கோக்கனி சால்மன் மீன்கள் முட்டையிட இந்த ஓடையில் ஏறி வரும். வெள்ளியாக இருந்த உடம்பு ரத்தச் சிவப்பாக மாறியிருக்கும், ஆண் மீன்களுக்கு முதுகு கூன்போட்டு தாடை கொக்கியாக வளைந்திருக்கும். கணுக்கால் ஆழ நீரில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அவை எதிர்நீச்சல் போடுவதைப் பாலத்தின் மேலிருந்து பார்க்கலாம். முட்டையிட்டதும் அங்கேயே செத்துப்போகும். மற்ற மாதங்களில் இதைத் தாண்டிப் போய்விடலாம்.

அதற்கப்புறம் சாலை ஏறத் தொடங்கும். இரண்டு கொண்டை ஊசி வளைவுகள், மணிக்கு பத்து மைல் வேகத்துக்கு மேல் வேண்டாம். வளைவுகள் முடிந்து மேலே வந்தால் ஒரு குறுகிய முதுகின் மேல் சாலை போகும். இடப்பக்கம் கீழே கேஸ்கேட் ஏரி, வலப்பக்கம் கீழே எமரால்டு பே. இரண்டு பக்கமும் சரிவு, பல இடங்களில் தடுப்புச்சுவரும் கிடையாது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஓட்டுகிறவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும். வேடிக்கை பார்ப்பது நிறுத்திய பிறகுதான். பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கும் இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது கலிஃபோர்னியாவில் சட்டம். மெதுவாக ஓட்டுவதில் தவறே இல்லை, வழிவிட்டால் போதும்.

வலப்பக்கம் இன்ஸ்பிரேஷன் பாயிண்ட் என்ற பலகை வரும். அங்கே நில்லுங்கள். பனியாறு குடைந்த நீண்ட குடாவும், அதன் நடுவே ஒரு சின்னப் பாறைத் தீவும் கீழே தெரியும். அதன் பெயர் ஃபானெட். இவ்வளவு பெரிய ஏரியில் உள்ள ஒரே தீவு அதுதான். அதன் உச்சியில் கூரையில்லாத ஒரு கல் அறை தெரிகிறதா பாருங்கள். 1929-இல் கரையில் வைக்கிங்ஸ்ஹோம் என்ற ஸ்காண்டிநேவிய பாணி மாளிகையைக் கட்டிய லோரா நைட் என்ற சீமாட்டி, படகில் போய்த் தேநீர் குடிப்பதற்காகக் கட்டிக்கொண்ட அறை அது.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஈகிள் அருவி. நெடுஞ்சாலைக்குக் கீழேயே புகுந்து குடாவை நோக்கி விழும். மே, ஜூனில் இரைச்சல் காதை அடைக்கும், செப்டம்பரில் நூலாகிவிடும். அருவித் தலைப்பில் பாறை ஈரமாக வழுக்கும், குழந்தைகளின் கையை விடாதீர்கள். அதையடுத்து வலப்பக்கம் வைக்கிங்ஸ்ஹோமுக்கு இறங்கும் பாதை, கட்டண பார்க்கிங்கோடு. ஒரு மைல் இறக்கம். இறங்கும்போது சுகமாக இருக்கும், ஏறும்போதுதான் இந்த உயரத்துக் காற்று எவ்வளவு மெல்லியது என்று தெரியும். முட்டி வலி உள்ளவர்கள் மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நடக்க முடிந்தவர்கள் கட்டாயம் இறங்குங்கள், குடாவின் நீரைத் தொட்டுப் பார்க்க அதுதான் வழி. போய்வர ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எமரால்டு பேயில் காலை பத்து, பத்தரை வரை இருந்தாலும் தப்பில்லை. இந்த வட்டத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடங்கள் இரண்டு. இது ஒன்று, சாண்ட் ஹார்பர் இன்னொன்று.

மேற்குக் கரையும் டாஹோ சிட்டியும்

அடுத்த பதினெட்டு மைல் பெரும்பாலும் காட்டுக்குள் போகும், ஏரி மரங்களுக்கிடையே வந்து வந்து மறையும். டி.எல். பிளிஸ் பூங்கா, மீக்ஸ் பே, சுகர் பைன் பாயிண்ட், ஹோம்வுட் என்று வரிசையாக வரும். எல்லாவற்றிலும் நின்றால் நாள் போதாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சுகர் பைன் பாயிண்ட். 1903-இல் கட்டிய ஒரு பழைய மாளிகை, அதன் முன்னால் ஏரி வரை இறங்கும் புல்வெளி, ஓர் மரப் படகுத்துறை. கூட்டமும் ஒப்பளவில் குறைவு. அங்கே தரையில் கிடக்கும் சுகர் பைன் காய்களைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஓரடிக்கு மேல் நீளமானவை சாதாரணமாகக் கிடைக்கும். ஊசியிலை மரங்களிலேயே மிக நீளமான காய் இதுதான். பார்த்துவிட்டுக் கீழேயே வைத்துவிடுங்கள், பூங்காவிலிருந்து எடுத்துப்போகக் கூடாது.

டாஹோ சிட்டியை வெறும் சாப்பாட்டு நிறுத்தமாக நினைத்துக் கடந்துவிடாதீர்கள். ஏரிக்குள் 63 ஓடைகள் வந்து விழுகின்றன, வெளியே போவது ஒன்றே ஒன்று, ட்ரக்கி ஆறு. அது கிளம்பும் வாசல் இங்கேதான். 17 மதகுகள் கொண்ட, பார்க்க மிகச் சாதாரணமான ஒரு குட்டை அணை. இந்தச் சின்ன அணைதான் இவ்வளவு பெரிய ஏரியின் மேல் ஆறடித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது, அந்த ஆறடியைத்தான் கீழே ரீனோ வரை பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இங்கிருந்து கிளம்பும் நீர் கடலுக்குப் போவதே இல்லை. நெவாடா பாலைவனத்தில் பிரமிட் ஏரியில் போய் முடிந்துவிடுகிறது. பக்கத்துப் பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால் கீழே பெரிய டிரவுட் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்பது தெரியும். அங்கே மீன்பிடிக்க அனுமதி இல்லை, அதனால்தான் அவ்வளவு தைரியம்.

ஆற்றோரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒரு மணி வாக்கில் கிளம்பலாம்.

வடக்குக் கரை

டாஹோ சிட்டியில் 28-ஐப் பிடித்துக் கிழக்கே போங்கள். கார்னீலியன் பே, டாஹோ விஸ்டா, கிங்ஸ் பீச். ஊர்களுக்குள் நடந்து கடப்பவர்கள் அதிகம், ரவுண்டானாக்களும் உண்டு, நிதானமாகப் போங்கள். குழந்தைகளோடு வந்திருந்தால் கிங்ஸ் பீச்சில் ஒரு மணி நேரம் இறக்கிவிடலாம். கரையோரத்தில் வெகுதூரம் வரை ஆழமில்லாத மணல். மற்றவர்கள் நேரத்தைக் கிழக்குக் கரைக்கு மிச்சம்பிடிப்பது நல்லது.

கிரிஸ்டல் பேயில் மாநில எல்லை வரும். சாலையோரத்தில் திடீரென்று சூதாட்ட விடுதிகள் முளைப்பதை வைத்தே நெவாடா வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

மாலை: கிழக்குக் கரை

இன்க்ளைன் வில்லேஜ் தாண்டியதும் சாலை ஏரியை ஒட்டி வளையத் தொடங்கும். ஒரு முக்கிய எச்சரிக்கை: இங்கே 28 குறுகலான இருவழிச் சாலை, ஓரத்தில் நிறுத்தத் தடை உள்ள இடங்கள் பல. நடுச்சாலையில் வேகத்தைக் குறைத்துப் போன் நீட்டிப் படமெடுக்கிறவர்களால் விபத்துகள் நடக்கின்றன. நிறுத்தம் என்று பலகை உள்ள இடத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

நடக்க விரும்புகிறவர்களுக்கு ஓர் அருமையான மாற்று உண்டு. இன்க்ளைன் வில்லேஜிலிருந்து சாண்ட் ஹார்பர் வரை 2019-இல் திறந்த மூன்று மைல் நடைபாதை. நல்ல தளம் போட்டது, சக்கர நாற்காலி, குழந்தை வண்டி எல்லாம் போகும். முழுக்க நடக்கத் தேவையில்லை, ஒரு மைல் போய்த் திரும்பினாலே ஏரியின் நிறங்கள் எல்லாம் கிடைத்துவிடும்.

சாண்ட் ஹார்பருக்கு நாலு மணிக்குமேல் போங்கள். காலையில் வந்தவர்கள் கிளம்பத் தொடங்கியிருப்பார்கள். பார்க்கிங் நிறைந்துவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், நெடுஞ்சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்து வருவதும் முடியாது. அப்படி ஆனால் மனம் தளராமல் பக்கத்திலுள்ள மெமோரியல் பாயிண்ட் பார்வையிடத்துக்குப் போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலுங்கள்.

உள்ளே போனதும் மணல்கரையில் உட்கார்ந்துவிடாமல், பாறைகள் இருக்கும் முனைக்குப் போங்கள். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் உருண்டைக் கிரானைட் பாறைகள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். ஒரு பாறை மேல் ஏறிக் கீழே பாருங்கள். நீருக்கு அடியில் இருக்கும் பாறையின் விரிசல், அதன் நிழல், அடிமணலில் வெளிச்சம் நெளிவது எல்லாம் தெளிவாகத் தெரியும். முழங்கால் ஆழம் போலத் தோன்றும் இடத்தில் இறங்கினால் கால் தரைக்கு எட்டாது. நீச்சல் தெரியாதவர்கள் இந்தத் தெளிவை நம்பி இறங்கவே கூடாது. நீச்சல் தெரிந்தவர்களும் சடாரென்று குதிக்காதீர்கள். ஆகஸ்டிலும் நீர் குளிர்தான், உடம்பு அதிர்ந்து மூச்சு திணறும். கரையிலிருந்து மெதுவாக இறங்குங்கள், கயாக்கில் போனால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள்.

இந்த ஏரியின் மிக ஆழமான இடம் 1,645 அடி. அமெரிக்காவில் இதைவிட ஆழமானது ஆரகனிலுள்ள கிரேட்டர் ஏரி மட்டுமே. அவ்வளவு நீரையும் காற்று கலக்கிக்கொண்டே இருப்பதால் கடும் குளிர்காலத்திலும் ஏரி உறைவதில்லை. தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். 1968-இல் ஆண்டுச் சராசரி 102 அடிக்குச் சற்று அதிகம். இப்போது அறுபதிலிருந்து எழுபது சொச்சம் அடிக்குள்தான் இருக்கிறது. தெளிவு குறைந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று மிக நுண்ணிய தூசி. அதில் பெரும்பங்கு ஊர்களிலிருந்தும் சாலைகளிலிருந்தும் மழைநீரோடு வழிந்து வருகிறது. சக்கரங்கள் அரைத்துப் பொடியாக்கும் மண் அதில் சேர்த்தி.

சுற்றிப் பார்க்கக் காரில் போகிற நாம் இதை மனத்தில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தார் போடாத மண் ஓரத்தில் வண்டியை ஏற்றி நிறுத்தும்போது அங்கிருந்த செடி நசுங்கி, மண் இளகி, அடுத்த மழையில் ஏரிக்குப் போகிறது. இடம் இல்லை என்றால் அந்த நிறுத்தத்தை விட்டுவிடுவதுதான் சரி. குப்பையும் அப்படியே. 2023 ஜூலை 4 கொண்டாட்டத்துக்கு மறுநாள் தன்னார்வலர்கள் ஏரிக்கரைகளில் பொறுக்கிய குப்பை மட்டும் 8,000 பவுண்டுக்கு மேல். ஒரு பை கொண்டுபோய், உங்கள் குப்பையோடு பக்கத்தில் கிடக்கும் இரண்டு பாட்டிலையும் சேர்த்துப் போட்டு எடுத்து வாருங்கள்.

சூரியன் மறையும் நேரம்

சாண்ட் ஹார்பரிலிருந்து தெற்கே வந்தால் சாலை ஏரியை விட்டு விலகி மேலேறி ஸ்பூனர் சந்திப்பில் 50-ஐத் தொடும். வலப்பக்கம் திரும்பி இறங்குங்கள். ஜூன் இறுதியில் சூரியன் எட்டரை மணி வாக்கில் மறையும், செப்டம்பர் கடைசியில் ஏழுக்குள் மறைந்துவிடும். அதற்கு முக்கால் மணி முன்பாக லோகன் ஷோல்ஸ் என்ற பார்வையிடத்துக்கு வந்துவிடப் பாருங்கள். ஏரிப் பக்கமே, வலக்கையில் வரும். பாறைகளுக்கிடையே சின்ன நடைபாதை, கூட்டம் அதிகம் இருக்காது, எதிர்க்கரையின் மலைவரிசை முழுவதும் தெரியும்.

அதையடுத்துச் சாலை கேவ் ராக் என்ற பெரும் பாறையைக் குடைந்து சுரங்கமாகப் போகும். டாஹோவின் பூர்வகுடிகளான வாஷோ மக்களுக்கு இது புனிதமான இடம். அவர்கள் கோரிக்கைப்படி பாறையேறுவதற்கு இங்கே தடை விதித்து, வழக்கு போய், 2007-இல் நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதிசெய்தது. பாறையின் மேல் ஏற வேண்டாம், கீழே படகுத்துறைப் பக்கம் நின்று பார்த்துவிட்டு நகருங்கள். அங்கிருந்து ஸெஃபிர் கோவ், ஸ்டேட்லைன் தாண்டினால் "ஒய்" சந்திப்பு, வட்டம் முடிந்தது.

திரும்பும்போது

முடிந்தால் அன்று இரவு அங்கேயே தங்கிவிடுங்கள். பகல் முழுக்க வளைவுகளில் ஓட்டிய கைக்கு, இருட்டில் எக்கோ கணவாயை இறங்குவது கடினம். மான்களும் சாலையைக் கடக்கும். அன்றே திரும்பித்தான் ஆக வேண்டும் என்றால் காலையில் ஓட்டியவர் பின்னிருக்கைக்குப் போய், வேறொருவர் ஓட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் 50-உம் 80-உம் மேற்குத் திசையில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஞாயிறு என்றால் மதியத்துக்கு முன்பே கிளம்புங்கள், அல்லது இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாக எட்டு மணிக்குமேல் கிளம்புங்கள். இரண்டுக்கும் நடுவில் மட்டும் வேண்டாம்.